முதியோரின் பல் சிகிச்சை: தேவை இருந்தும் கிடைக்காமல் போவது ஏன்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுபது வயதைக் கடந்த தாய், தந்தை, மாமியார், மாமனார் ஆகியோரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள் பல் தொடர்பாகத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் கிடைக்கும் வசதிகளை மனத்தில் கொண்டே இது எழுதப்பட்டுள்ளது.

நிறைவேறாத பல் சிகிச்சைத் தேவை என்று எதைச் சொல்கிறார்கள்?

சிகிச்சையால் சரிசெய்யக்கூடிய குறை ஒருவரின் வாயில் இருந்தும் அவருக்கு அந்தச் சிகிச்சை கிடைக்காத நிலையையே அப்படிச் சொல்கிறார்கள். பணமில்லை, மருத்துவமனை தூரம், துணைக்கு ஆளில்லை, ஊசி என்றால் பயம் ஆகியவை பலரும் சொல்லும் காரணங்கள். இவற்றைவிடப் பரவலான இன்னொரு காரணம், சிகிச்சை தேவை என்பதே அவருக்குத் தோன்றாமல் இருப்பது. "போன வருடம் பல் மருத்துவரிடம் போக விரும்பியும் போக முடியாமல் இருந்ததா?" என்று கணக்கெடுப்பாளர் கேட்டால், கடைவாய்ப் பற்கள் அனைத்தையும் இழந்த பாட்டியும் "அப்படி ஒன்றும் இல்லையே" என்றுதான் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. வாய்க்கு ஏற்றபடி சாப்பாட்டை மாற்றிக்கொண்டு பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

அந்த மாற்றத்தைச் சாப்பாட்டு வேளையில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். முதலில் முறுக்கும் கடலையும் நிற்கும். பிறகு கறித்துண்டைக் குழந்தைகளுக்குத் தள்ளிவிட்டுக் குழம்பை மட்டும் ஊற்றிக்கொள்வார். கொய்யாப்பழம் போய் வாழைப்பழம் வரும். பொரியலில் உள்ள பீன்ஸ் தட்டின் ஓரத்தில் அப்படியே கிடக்கும். கடைசியில் மூன்று வேளையும் இட்லி, ரசம் சாதம், பாலில் ஊறிய பிரெட் என்று ஆகிவிடும். வீட்டார் இதை "அப்பாவுக்கு இப்போதெல்லாம் பசியே எடுப்பதில்லை" என்று புரிந்துகொள்கிறார்கள். புரதமும் நார்ச்சத்தும் குறைந்து மாவுச்சத்து மட்டும் மிஞ்சிய இந்தச் சாப்பாடு, சர்க்கரை நோயுள்ளவருக்கு இரட்டைத் தீங்கு.

எத்தனை முதியவர்களுக்கு இந்தப் பிரச்சினை இருக்கிறது?

இந்தியப் பல் மருத்துவக் கழகம் 2002–03இல் நடத்திய தேசிய வாய் நல ஆய்வில், 65 முதல் 74 வயதுவரை உள்ளவர்களில் சுமார் 85 சதவீதத்தினருக்குச் சொத்தைப் பல் பாதிப்பு இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய இந்த ஆய்வைத்தான் இன்றும் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதிலிருந்தே, முதியோரின் வாய்க்கு நாம் கொடுக்கும் இடம் விளங்கும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட வாய் நல அறிக்கை, அறுபது வயதைக் கடந்தவர்களில் உலக அளவில் சுமார் 23 சதவீதத்தினர் எல்லாப் பற்களையும் இழந்தவர்கள் என்று மதிப்பிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய மக்களில் 8.6 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்திருந்தனர். தமிழ்நாட்டில் அது 10.4 சதவீதம். 2021க்கான மதிப்பீட்டில் தமிழ்நாட்டின் பங்கு 13 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. கேரளத்துக்கு அடுத்து முதியோர் பங்கு மிகுந்த மாநிலம் இதுதான்.

வயதானால் பல் விழுவது இயற்கைதானே?

இல்லை. தலை நரைப்பதற்கு வயது காரணம். பல் விழுவதற்குக் காரணம் நோய். ஈறு நோயும் சொத்தையும் பல பத்தாண்டுகளாகச் சிறிது சிறிதாகச் செய்த சேதம் அறுபதுக்கு மேல் கண்ணுக்குத் தெரிவதால், பழியை வயதின் மேல் போட்டுவிடுகிறோம்.

இதற்கு நல்ல சான்று ஜப்பான். எண்பது வயதிலும் இருபது பற்கள் என்ற இலக்குடன் "8020" இயக்கத்தை அந்த நாடு 1989இல் தொடங்கியபோது, அந்த வயதில் அத்தனை பற்கள் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. 2016 ஆய்வில் அது பாதிக்கும் மேல். ஒரே தலைமுறைக் காலத்தில் மனித உடல் மாறிவிடவில்லை. பல்லைக் கவனித்த விதம்தான் மாறியது. இருபது என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு: எதிரெதிரே பொருந்திக் கடிக்கும்படி இருபது பற்கள் இருந்தால், பல் செட் இல்லாமலே பெரும்பாலான உணவுகளை மென்று தின்ன முடியும்.

வலியே இல்லை என்கிறார். பிறகு எதற்கு மருத்துவரிடம் போக வேண்டும்?

முதுமையில் வலியை நம்பி இருப்பது ஆபத்து. ஈறு நோய் பொதுவாக வலிக்காது. பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து பல் ஆடத் தொடங்கும்வரை அது தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. வயது ஏற ஏறப் பல்லின் உள்ளே நரம்பு ஓடும் குழல் குறுகிவிடுவதால், இளம் வயதில் துடிக்கவைக்கும் சொத்தை முதியவருக்கு வெறும் கூச்சமாகவோ ஒன்றுமே தெரியாமலோ இருக்கலாம். மறதி நோய் உள்ளவருக்கு வலித்தாலும் அதைச் சொல்லத் தெரியாது; அவர் சாப்பாட்டைத் தட்டிவிடுவார், கன்னத்தைத் தொட்டால் கோபப்படுவார், இரவில் தூங்க மாட்டார்.

வலி இல்லாமலே வளரும் இன்னொன்று வாய்ப் புற்றுநோய். வெற்றிலை, பாக்கு, புகையிலைப் பழக்கம் உள்ளவர்களுக்கு அது மிகப் பெரிய கவலை. இரண்டு வாரங்களுக்கு மேல் ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு அல்லது சிவப்புத் திட்டு, வாயை முன்புபோல் அகலத் திறக்க முடியாமை, கழுத்தில் கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

வீட்டிலேயே வாயைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. நல்ல வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காரவைத்து, செட் இருந்தால் கழற்றச் சொல்லி, கைபேசியின் டார்ச்சை அடித்துப் பாருங்கள். சுத்தமான விரலால் கன்னத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்தால் கடைவாய் முழுவதும் தெரியும். ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் வேர் வெளித்தெரிகிறதா, அந்த வேரில் பழுப்பாகக் குழி விழுந்திருக்கிறதா என்று முதலில் கவனியுங்கள். ஈறு இறங்கிய முதியவர்களின் சொத்தை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பிறகு நாக்கை நீட்டச் சொல்லி அதன் இரு ஓரங்களையும், நாக்கைத் தூக்கச் சொல்லி அடிப்பகுதியையும் பாருங்கள். கூரான உடைந்த பல் நாக்கிலோ கன்னத்திலோ ஒரே இடத்தில் உரசிக்கொண்டிருந்தால் அதை உடனே மழுங்கச் செய்ய வேண்டும். மருத்துவருக்கு அது சில நிமிட வேலை.

மாதத்துக்கு ஒரு முறை இப்படிப் பார்ப்பது போதும். அப்பாவின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பதில் பிள்ளைகளுக்குக் கூச்சம் இருக்கும். இரத்த அழுத்தக் கருவியை வீட்டில் வாங்கி வைத்து நாமே பார்க்கப் பழகிவிட்டோம், இதற்கும் பழகிக்கொள்ளலாம்.

வாய் எப்போதும் உலர்ந்தே இருக்கிறது என்கிறார். வயதின் காரணமா?

பெரும்பாலும் மாத்திரைகளின் காரணம். சிறுநீரை அதிகம் வெளியேற்றும் இரத்த அழுத்த மாத்திரைகள், மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரைகள், சளிக்கும் அரிப்புக்கும் தரும் மாத்திரைகள் எனப் பலவும் உமிழ்நீரைக் குறைக்கின்றன. பல்லைக் காக்கும் இயற்கையான காவல் உமிழ்நீர்தான். அது குறைந்தால் ஒரே ஆண்டில் நான்கைந்து பற்களில் வேர்ச் சொத்தை வந்துவிடலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் வாய் உலர்வதைச் சொல்லி மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர் குடிப்பது நல்லது. உலர்ந்த வாய்க்கு மிட்டாயைச் சப்பிக்கொண்டிருப்பதும், நாள் முழுக்கச் சர்க்கரை போட்ட டீயை இடைவெளிவிட்டுக் குடிப்பதும் சொத்தையை விரைவுபடுத்தும்.

சர்க்கரை, இதய நோய், இரத்தத்தை இளக்கும் மாத்திரை எல்லாம் இருக்கின்றன. பல் பிடுங்கலாமா?

உரிய முன்னேற்பாட்டுடன் பிடுங்கலாம். "உங்களுக்குச் சர்க்கரை இருக்கிறது, பல்லில் கை வைக்க முடியாது" என்று யாரோ எப்போதோ சொன்னதை வேதவாக்காகக் கொண்டு பத்து ஆண்டுகள் சீழோடு இருக்கும் முதியவர்களைப் பல் மருத்துவமனைகளில் அடிக்கடி காணலாம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதபோது ஈறு நோய் தீவிரமாகும். ஈறு நோய் தீவிரமானால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவது கடினமாகும். ஆகவே சர்க்கரை நோய் இருப்பது பல் சிகிச்சையைத் தள்ளிப்போடக் காரணமாகாது. விரைவில் செய்துகொள்ளவே அது காரணம்.

ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்ற மாத்திரைகளைப் பல் பிடுங்குவதற்காகத் தாமாக நிறுத்திவிட்டு வருகிறவர்கள் பலர். ஒன்றிரண்டு பற்களை எடுப்பதற்கு இவற்றை நிறுத்த வேண்டிய தேவை பொதுவாக இருப்பதில்லை. பல் பிடுங்கிய இடத்தில் கசியும் இரத்தத்தைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையல் போட்டும் நிறுத்திவிடலாம், மாத்திரையை நிறுத்தியதால் இதயத்திலோ மூளையிலோ உறையும் இரத்தத்தை அப்படி நிறுத்த முடியாது. வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் எடுப்பவர்கள் இரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனையை அண்மையில் எடுத்து அதன் முடிவைக் கொண்டுவர வேண்டும். செயற்கை இதய வால்வு பொருத்தியவர்கள் அதை முதலிலேயே சொல்ல வேண்டும். அவர்களுக்குச் சிகிச்சைக்கு முன் ஆன்டிபயாடிக் தர வேண்டியிருக்கும்.

பலரும் சொல்ல மறக்கும் ஒன்று, எலும்பு அடர்த்திக் குறைவுக்கும் (ஆஸ்டியோபோரோசிஸ்) எலும்புக்குப் பரவிய புற்றுநோய்க்கும் போடும் ஊசி. இடைவெளிவிட்டுப் போடுவதால் அதை மருந்தாகவே நினைப்பதில்லை. அந்த ஊசி போட்டவர்களுக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு. இயன்றவரை அந்த ஊசியைத் தொடங்கும் முன்பே பல் வேலைகளை முடித்துவிடுவது நல்லது.

மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகுமா?

போகாது. மேல் பல்லுக்குப் போகும் நரம்பும் பார்வை நரம்பும் வேறு வேறு. பல் பிடுங்கும் வயதும் கண்ணில் புரை வளரும் வயதும் ஒன்றாக இருப்பதால் வந்த நம்பிக்கை இது.

நான்கைந்து பற்கள்தான் மீதி. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு முழு செட் போட்டுக்கொள்ளலாமா?

அவசரப்பட வேண்டாம். பல் உள்ளவரை அதைச் சுற்றியுள்ள எலும்பும் நிற்கும். பல்லை எடுத்த முதல் ஆண்டிலேயே எலும்பு வெகுவாகக் குறையும், பிறகும் ஆயுள் முழுவதும் குறைந்துகொண்டே போகும். கீழ்த் தாடையில் இந்தத் தேய்மானம் மேல் தாடையைவிடப் பல மடங்கு. மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நிற்கும். கீழ் செட்டுக்கு அப்படி ஒட்ட இடமில்லை, நாக்கும் அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். கீழே உறுதியான இரண்டு கோரைப்பற்கள் இருந்தால், அவற்றுக்கு வேர் சிகிச்சை செய்து குட்டையாக்கி அவற்றின் மேல் செட்டை உட்காரவைக்க முடியும். பற்கள் ஏற்கெனவே போய்விட்டவர்களுக்குக் கீழ்த் தாடையில் எலும்பில் பதிக்கும் திருகு போன்ற இரண்டு இம்பிளாண்டுகள் பொருத்தி அவற்றில் செட்டை மாட்டும் முறை இருக்கிறது. கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் 2002இல் கூடிய வல்லுநர்கள், பல்லே இல்லாத கீழ்த் தாடைக்கு முதலில் யோசிக்க வேண்டிய சிகிச்சை இதுதான் என்றனர். நம் ஊரில் அதன் விலை எளியவர்களுக்கு எட்டாதது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

செட் செய்ய ஏன் இத்தனை தடவை வரச் சொல்கிறார்கள்?

பல் பிடுங்கியவர்களுக்கு ஈறு ஆறவே இரண்டு மூன்று மாதங்கள் வேண்டும். அதன் பிறகு முதல் நாள் ஒரு தட்டில் மாவுபோன்ற பொருளை வைத்து ஈறின் அச்சு எடுப்பார்கள். அதை வைத்து அவருக்கென்றே ஒரு தட்டுச் செய்து, இரண்டாம் வருகையில் இன்னும் நுணுக்கமான அச்சு எடுப்பார்கள். மூன்றாம் வருகையில் மெழுகுக் கட்டைகளை வாயில் வைத்து, மேல் தாடையும் கீழ்த் தாடையும் எந்த உயரத்தில் சந்திக்கின்றன என்று அளப்பார்கள். நான்காம் வருகையில் மெழுகில் நட்ட பற்களை வாயில் வைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்து "சிரித்துப் பாருங்கள், அறுபது எழுபது என்று சொல்லிப் பாருங்கள்" என்பார்கள். ஐந்தாம் வருகையில்தான் செட் கைக்கு வரும். அதோடும் முடியாது, உரசும் இடத்தைத் தேய்த்துச் சரிசெய்ய இன்னும் ஒன்றிரண்டு தடவை போக வேண்டும்.

முதியோருக்குச் சிகிச்சை கைநழுவிப் போவதற்கு இந்த ஆறு ஏழு வருகைகளே பெரிய காரணம் என்பது என் கருத்து. செட் இலவசமாகவே கிடைத்தாலும், கிராமத்திலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஒவ்வொரு தடவையும் வர ஒரு துணை வேண்டும். அந்தத் துணை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர வேண்டும். மூன்றாம் வருகையோடு நின்றுபோனவர்களின் மெழுகுக் கட்டைகள் பெயர் எழுதிய டப்பாக்களில் பல் மருத்துவமனையின் அலமாரியில் கிடக்கும். முதியோர் ஓய்வூதியம் 2023இல் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அந்தத் தொகையில் வாழும் ஒருவர் தமக்கும் துணைக்கும் ஆட்டோவுக்கும் சாப்பாட்டுக்கும் செய்யும் செலவைக் கணக்கில் எடுக்காமல் "இலவச சிகிச்சை" என்று சொல்வது பாதி உண்மைதான்.

செட் கட்டிக் கொடுத்தோம். அவர் அதைப் போடுவதே இல்லை. ஏன்?

புண் ஏற்படுத்தும் செட்டை யாரும் போட மாட்டார்கள். செட் வாங்கிய முதல் வாரத்தில் உரசல் வருவது வழக்கம். அதைச் சரிசெய்துகொள்ளப் போகாதவர்கள் செட்டைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். இன்னொரு காரணம், செட் பற்றிய அளவுக்கு மீறிய எதிர்பார்ப்பு. முழு செட்டின் கடிக்கும் வலு இயற்கைப் பற்களில் நான்கில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. முதல் சில வாரங்கள் மிருதுவான உணவைச் சிறு துண்டுகளாக்கி, இரு பக்கமும் சமமாக மென்று பழக வேண்டும். பேச்சும் சற்றுக் குழறும். செய்தித்தாளைச் சத்தமாக வாசித்தால் சில நாட்களில் சரியாகும்.

இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டு வைக்க வேண்டும், வெந்நீரில் போடக் கூடாது. கழற்றாமலே தூங்குபவர்களுக்கு அண்ணம் சிவந்து பூஞ்சைத் தொற்று வரலாம். சோப்பும் மெல்லிய பிரஷும் கொண்டு கழுவினால் போதும். பற்பசை, செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கைக் கீறும். ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் ஈறு சுருங்கி செட் தளர்ந்துவிடும். அப்போது உள்பக்கம் புது அடுக்குப் போட்டு இறுக்கலாம் அல்லது புதிதாகச் செய்யலாம். பதினைந்து ஆண்டுகளாக அதே செட்டை வைத்திருப்பதாகப் பெருமையாகச் சொல்பவரின் வாயைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உடைந்த செட்டைக் கடையில் வாங்கிய உடனடிப் பசையால் ஒட்டவும் கூடாது, உரசும் இடத்தை வீட்டில் அரத்தால் ராவவும் கூடாது.

ஒரே நாளில் குறைந்த விலையில் "பிக்ஸட்" பல் கட்டித் தருகிறார்களே?

பட்டம் இல்லாதவர்கள், பக்கத்துப் பற்களைக் கம்பியால் பிணைத்து அக்ரிலிக் மாவை ஈறின் மேலேயே அப்பி இறுகவைக்கும் வேலை அது. அதைக் கழற்றிக் கழுவ முடியாது. அடியில் உணவு சிக்கி அழுகி ஈறும் எலும்பும் கரையும், நன்றாக இருந்த பக்கத்துப் பற்களும் ஆடிவிடும். பதிவு பெறாதவர் பல் மருத்துவம் செய்வது சட்டப்படி குற்றம். ஆனாலும் வீட்டு வாசலுக்கே வருபவரும், ஒரே தடவையில் முடிப்பவரும், விலையை முன்னாலேயே சொல்பவரும் அவர்தான் என்பதால் மக்கள் அவரிடம் போகிறார்கள். முறையான மருத்துவமனைகள் இந்த மூன்றில் ஒன்றையாவது கற்றுக்கொள்ளலாம்.

காப்பீடு இருக்கிறதே, அதில் செலவழிக்க முடியாதா?

பெரும்பாலும் முடியாது. தனியார் மருத்துவக் காப்பீடுகள் பொதுவாக விபத்தால் ஏற்பட்டு மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்த பல் சிகிச்சைக்கு மட்டுமே பணம் தருகின்றன. புறநோயாளிச் செலவுக்கெனத் தனியே சேர்த்த பாலிசிகளில் சிறிது கிடைக்கலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஆயுஷ்மான் பாரத்தும் அடிப்படையில் உள்நோயாளி சிகிச்சைக்கானவை. எழுபது வயதைக் கடந்த அனைவருக்கும் என்று 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் காப்பீடும் அப்படித்தான். தாடையில் புற்றுநோய் வந்தால் உதவும் காப்பீடு, வாயைப் பரிசோதித்துப் புண்ணைக் கண்டுபிடிக்கும் நாளில் உதவாது.

இரண்டு பிரிவினர் மட்டும் தங்களுக்கு உரியதைக் கேட்டுப் பெறலாம். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். திட்டத்தில் பல் சிகிச்சை உண்டு. இ.எஸ்.ஐ. காப்பீட்டில் குறைந்தது ஐந்து ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்ற தொழிலாளர்கள், ஆண்டுக்கு 120 ரூபாய் செலுத்தினால் தாமும் வாழ்க்கைத் துணையும் மருத்துவ வசதியைத் தொடரலாம்; இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் பல் பிரிவு இருக்கிறது. ஆலையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்ற பலருக்கு இந்த 120 ரூபாய் ஏற்பாடே தெரியாது.

அப்படியானால் குறைந்த செலவில் எங்கே போவது?

சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முதலில் நினைவுக்கு வர வேண்டியது. 1953இல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது அது. சிதம்பரத்திலும் புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. புதுக்கோட்டைக் கல்லூரி 2023இல் திறக்கப்பட்டது. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் வட்ட மருத்துவமனைகள் பலவற்றிலும் பல் மருத்துவர் இருக்கிறார். பல் பிடுங்குவதும் அடைப்பதும் அங்கேயே நடக்கும். செட் கட்டும் வசதி எல்லா இடத்திலும் இருக்காது என்பதால் முன்னதாகக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளும் நல்ல வழி. மாணவர்கள் தேர்ச்சி பெறக் குறிப்பிட்ட எண்ணிக்கையில் முழு செட் செய்து காட்ட வேண்டும் என்பதால், பல்லில்லாத முதியவர் அங்கே வரவேற்கப்படும் நோயாளி. கட்டணம் வெளிக் கிளினிக்கைவிடக் குறைவு, நேரம் அதிகம். ஒவ்வொரு படியையும் ஆசிரியர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே மாணவர் அடுத்த படிக்குப் போக முடியும் என்பதால் தரம் குறித்து அஞ்ச வேண்டியதில்லை.

வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள முதியோருக்கு உதவிக் கருவிகள் வழங்க மத்திய அரசு 2017இல் தொடங்கிய ராஷ்ட்ரீய வயோஸ்ரீ யோஜனாவின் பட்டியலில் கைத்தடி, காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றோடு செயற்கைப் பல்லும் இருக்கிறது. முகாமில் வரிசையில் நிற்பவருக்குக் கைத்தடியை அன்றே கொடுத்து அனுப்பிவிடலாம், பல் செட்டை அப்படிக் கொடுக்க முடியாது. பட்டியலில் இருப்பதற்கும் கைக்கு வருவதற்கும் இடையே உள்ள தூரம் இதுதான். கேரளத்தின் மந்தஹாசம் திட்டமும் கர்நாடகத்தின் தந்த பாக்யா திட்டமும் ஏழை முதியோருக்குச் செட் கட்டித் தருவதையே தனி நோக்கமாகக் கொண்டவை. தமிழ்நாட்டிலும் அப்படியொரு தனித் திட்டம் வேண்டும். அதில் துணைக்கு வருபவரின் பயணப்படியும் சேர வேண்டும்.

நாட்டில் பல் மருத்துவர்களுக்குப் பஞ்சமில்லையே?

பஞ்சம் எண்ணிக்கையில் இல்லை, இருக்கும் இடத்தில் இருக்கிறது. இந்தியாவில் 300க்கும் மேற்பட்ட பல் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. படித்து முடித்தவர்கள் நகரங்களில் ஒரே தெருவில் நான்கு கிளினிக் என்று போட்டியிடுகிறார்கள், வேலையின்றி வேறு துறைக்கும் போகிறார்கள். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை, வலி தணிப்புச் சிகிச்சை, இயன்முறைச் சிகிச்சை ஆகியவை வீட்டுக்கே போயின. அப்படி வீட்டுக்கு வரும் பணியாளரே வாயையும் டார்ச் அடித்துப் பார்த்துச் சந்தேகமான புண்ணைக் குறித்துக்கொண்டு வந்தால், அந்தப் பட்டியலை வைத்து ஓர் இளம் பல் மருத்துவரை வாரம் ஒரு நாள் கிராமத்துக்கு அனுப்ப முடியும்.

பணக்கார நாடுகளில் இந்தப் பிரச்சினை இல்லையா?

இருக்கிறது. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1965இல் உருவானபோதே வழக்கமான பல் சிகிச்சை அதிலிருந்து விலக்கப்பட்டது. அடிப்படை மெடிகேரில் அந்த விலக்கு இன்றும் நீடிக்கிறது. கனடா 2023 டிசம்பரில் பொதுப் பல் சிகிச்சைத் திட்டத்துக்கு விண்ணப்பம் வாங்கத் தொடங்கியபோது 87 வயதைக் கடந்தவர்களை முதலில் அழைத்தது.

படுத்த படுக்கையாக இருப்பவருக்கு என்ன செய்வது?

அவருக்குத்தான் வாய்ச் சுத்தம் மிகவும் முக்கியம். வாயில் பெருகும் கிருமிகள் உமிழ்நீரோடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவை உண்டாக்கலாம். துடைக்கும் முன் தலைப்பக்கத்தை உயர்த்துங்கள்; முடியாவிட்டால் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பி வையுங்கள். நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை விரலில் சுற்றி ஈறு, கன்னத்தின் உள்பக்கம், நாக்கு, அண்ணம் ஆகியவற்றைக் காலையும் இரவும் துடைத்தெடுங்கள். பல் இருந்தால் குழந்தைகளுக்கான சிறிய மெல்லிய பிரஷில் பட்டாணி அளவு பேஸ்ட் போதும். பல்லே இல்லாவிட்டாலும் துடைக்க வேண்டும். கடிக்கும் பழக்கம் இருந்தால் விரலைப் பற்களுக்கு இடையில் விடாதீர்கள்.

பல் மருத்துவர் வீட்டுக்கு வந்து செய்யக்கூடியவையும் உண்டு. சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, ஃபுளோரைடு கசியும் சிமென்டால் அடைப்பதற்கு மின்சாரமோ டிரில் இயந்திரமோ தேவையில்லை. சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைத் தொட்டு வைத்தால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். அந்த இடம் கறுத்துவிடும், ஆனால் வலியில்லாத சிகிச்சை. வீட்டுக்கு வருவீர்களா என்று பக்கத்துக் கிளினிக்கில் கேட்டுப் பாருங்கள். கேட்பவர்கள் இல்லாததால்தான் பலர் இதைச் செய்வதாக அறிவிப்பதில்லை.

வேப்பங்குச்சியும் உமிக்கரியும் போதாதா?

"ஆலும் வேலும் பல்லுக்குறுதி" என்பதில் தவறில்லை. குச்சியை மென்று மென்மையாக்கித் தேய்ப்பவருக்கு அது நல்லதே. ஆனால் கடைவாயின் உள்பக்கத்துக்குக் குச்சி எட்டாது. உமிக்கரி, செங்கல் தூள், சாம்பல் ஆகியவை பல்லின் மேற்பூச்சையும் வெளித்தெரியும் வேரையும் அரித்துவிடும். ஈறு இறங்கிய முதியவர் மெல்லிய பிரஷும் ஃபுளோரைடு பேஸ்ட்டும் பயன்படுத்துவது நல்லது. கைவிரல் மடங்காதவர்களுக்குப் பிரஷின் காம்பில் துணியைச் சுற்றித் தடிமனாக்கிக் கொடுங்கள்.

முதல் முறை பல் மருத்துவரிடம் போகும்போது எதையெல்லாம் எடுத்துச்செல்ல வேண்டும்?

தினமும் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் அட்டையோடு ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். "பிபி மாத்திரை, வெள்ளையாக இருக்கும்" என்பது போதாது. அண்மைய சர்க்கரைப் பரிசோதனை முடிவு, இதய சிகிச்சை செய்திருந்தால் அதன் டிஸ்சார்ஜ் தாள், எலும்புக்கு ஊசி போட்டிருந்தால் அதன் தேதி ஆகியவையும் வேண்டும். காலை வேளையில், சாப்பிட்டு, வழக்கமான மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு போவதே நல்லது. வெறும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டால் மயக்கம் வரலாம். பேசுவதை மருத்துவர் மகனிடமோ மகளிடமோ மட்டும் பேசிவிடாமல் முதியவரிடமே கேட்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்: எதைச் சாப்பிட ஆசைப்படுகிறார், எத்தனை முறை வந்துபோக முடியும் என்ற இரண்டையும் வைத்தே சிகிச்சையைத் திட்டமிட வேண்டும். பழைய செட் இருந்தால், உடைந்ததாக இருந்தாலும், கொண்டுபோங்கள். அது எங்கே பொருந்தாமல் போனது என்பதைப் பார்த்துப் புதியதைச் செய்வது மருத்துவருக்கு எளிது.